சிறுகுடலில் பை: விட்டுவிடுவதா, மருந்தா, வெட்டுவதா?

பெரியம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த இரவு எங்கள் குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. டொரன்டோவில் இருக்கும் அண்ணா, "வெட்டி எடுத்துவிடச் சொல்லு தங்கச்சி, காசைப் பற்றி யோசிக்காதே" என்றார். உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, 72 வயதில் வயிற்றைத் திறக்க விடாதே, குடலுக்குக் கஷாயம் போதும் என்றார். பெரியம்மாவோ, "இத்தனை வருஷம் என்னோடதானே கிடந்தது, இனியும் கிடந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ரிப்போர்ட்டில் இருந்தது இவ்வளவுதான்: சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்தில் பல டைவர்டிகுலம்கள், அதாவது குடல் சுவரிலிருந்து வெளியே பிதுங்கி நிற்கும் பைகள், பெரியது 4 சென்ரிமீற்றர்.

மூன்று பேர் சொன்னதும் யாரோ ஒரு நோயாளிக்குச் சரியான முடிவுதான். பெரியம்மாவுக்கு எது சரி என்று தெளிய எங்களுக்கு ஐந்து மாதம் எடுத்தது. நான் வைத்தியர் இல்லை. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்டு, திரும்பி வந்து எல்லோருக்கும் போனில் விளக்கிய பிள்ளை. இதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருகோணமலையில் யாராவது குழம்பிப்போய் இருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

சைக்கிள் டயரில் வெட்டு விழுந்த இடத்தால் ட்யூப் பிதுங்கி நிற்குமே, ஏறக்குறைய அப்படித்தான் இந்தப் பையும். குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு இரத்தக் குழாய்கள் உள்ளே நுழையும் இடங்களில் தசை மெலிந்திருக்கும். வயது ஏறி, குடலின் அசைவு தாளம் தப்பும்போது, உள்ளிருக்கும் அழுத்தம் அந்த இடத்தால் உள்படலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. பையைச் சுற்றித் தசை இல்லாததால் உள்ளே போனதைப் பிழிந்து வெளியேற்ற அதனால் முடியாது. சாப்பாடு தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும்.

'டைவர்டிகுலம்' என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி பெருங்குடலைப் பற்றியது. நார்ச்சத்துச் சாப்பிடு, தக்காளி விதையை எடு என்பதெல்லாம் அங்கிருந்து வந்த பேச்சு. (விதையால் கெடுதல் என்பதைப் பெருங்குடல் வைத்தியர்களே இப்போது கைவிட்டுவிட்டார்கள்.) சிறுகுடல் வேறு கதை. அதற்குள்ளும் பை இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவு தலைகீழாக மாறும்.

இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில்தான் பைகள் அதிகம். பித்தக்குழாய்க்காகக் குழாய் விட்டுப் பார்க்கும்போது 100 பேரில் 5 முதல் 20 பேரில் வரை தென்படுவதாகச் சொல்வார்கள். பெரும்பாலானவை பித்தக்குழாய் திறக்கும் வாசலுக்கு மிக அருகில், 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கும். அநேகமானோர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு வந்த ஜெஜுனப் பை அரிது. 100 பேரில் ஒருவர் இருவரிடம்தான் இருக்கும், அதுவும் வயதானவர்களிடம். ஒன்று இருந்தால் பக்கத்தில் பல இருக்கும். தொல்லை கொடுப்பதில் முன்சிறுகுடல் பையைவிட இது மோசம்.

மூன்றாவது பிறவியிலேயே வருவது. 1809 இல் யோஹான் ஃபிரீட்ரிஷ் மெக்கல் என்ற ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் விளக்கியதால் மெக்கல் பை என்கிறார்கள். கருவில் குழந்தையின் குடலைத் தொப்புளோடு இணைத்த குழாயின் மிச்சம் அது. 100 பேரில் சுமார் 2 பேருக்கு இருக்கும். இதற்கு மட்டும் முழுத் தசைச் சுவரும் உண்டு, சில வேளை உள்ளே இரைப்பையின் படலமே வளர்ந்து அமிலம் சுரந்து பக்கத்துக் குடலைப் புண்ணாக்கும். சின்னப் பிள்ளைக்கு வலியே இல்லாமல் மலத்தோடு இரத்தம் போனால் இதைத்தான் முதலில் நினைப்பார்கள். அப்படி இரத்தம் போன பிள்ளைக்கு மூன்று வழிகளை ஒப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். சத்திரசிகிச்சைதான் வழி, செய்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. இனி நான் சொல்வது முதல் இரண்டு வகைக்கு.

சும்மா விடுவது

பித்தப்பைக் கல்லுக்கோ வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகப் பை தெரிந்தது, உங்களுக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இல்லை என்றால், இதுதான் சரியான வழி. அதில் வைத்தியர்களிடம் கருத்து வேறுபாடு கிடையாது. சத்தமில்லாமல் கிடக்கும் பையை 'பின்னுக்குப் பிரச்சினை வரலாம்' என்று வெட்டப் போனால், வராமலே போயிருக்கக்கூடிய ஆபத்துக்காக நிச்சயமான ஓர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறோம்.

ஆனால் 'தொல்லை இல்லை' என்பதை நோயாளியின் வாய்ச் சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. எங்கள் பெரியம்மாவைக் கேட்டால், "எனக்கு ஒண்டுமில்லை பிள்ளை" என்றுதான் சொல்லுவார். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்கு மலையேறிப் போகும்போது பாதம் விறுவிறுக்கிறது என்பதை, வெறுங்காலோடு சுடுகல்லில் நடந்த பலன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு எழும்பினால் சேலைக் கொசுவம் இறுகுவதை வாயு என்றார். இரண்டு வருடத்தில் 7 கிலோ குறைந்ததை நாங்கள் நீரிழிவின் தலையில் போட்டோம். இதற்கு நடுவில் ஒரு தனியார் கிளினிக்கில் மாதக்கணக்காக அமிலத்தைக் குறைக்கும் குளிசை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். இரத்தத்தில் விற்றமின் பி12 அளவு மிகக் குறைந்திருப்பது தெரிந்த பிறகுதான் ஸ்கேன் வரை போனோம்.

ஆகவே விடுவது என்று முடிவெடுத்தாலும், ஒருமுறை ஹீமோகுளோபினும் பி12 அளவும் பார்த்து, எடையைக் குறித்து வைத்துவிட்டு விடுங்கள். வருடம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு அந்தக் குளிசையும் பி12 ஐக் குறைக்கும் என்பதால், குறைவு தெரிந்ததும் எல்லோரும் பழியை அதன் மேல் போட்டுவிட்டுப் பையை மறந்துவிடும் அபாயம் இருக்கிறது. எங்களுக்கும் முதல் மாதம் அப்படித்தான் போனது.

இன்னொன்று, முழங்கால் வலிக்கு ஃபார்மசியில் கேட்டு வாங்கிப் போடும் டைக்குளோஃபெனாக், இபுபுரோஃபன் வகைகளை விட்டுவிடுங்கள். குடலில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கக்கூடியவை அவை. பரசிட்டமோல் போதாவிட்டால் டொக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மருந்தோடு சமாளிப்பது

எங்கள் ஐந்து மாதத்தின் பெரும்பகுதி இங்கேதான் போனது. சிறுகுடல் என்பது பெருங்குடலோடு ஒப்பிட்டால் கிருமி மிகக் குறைந்த இடம். பைகளில் தேங்கும் உணவு அந்த நிலையை மாற்றிவிடுகிறது. பெருகிய கிருமிகள் மூன்று வேலை செய்யும். சாப்பாட்டைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும், அதுதான் பொருமல். பித்த உப்புகளைச் சிதைத்துவிடும், அதனால் கொழுப்புச் செரிக்காமல் மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும். மூன்றாவதாக, நாம் சாப்பிடும் பி12 ஐ நமக்கு முன்னால் அவை எடுத்துக்கொள்ளும். மீனும் முட்டையும் தவறாமல் சாப்பிடும் பெரியம்மாவுக்கு எப்படிப் பி12 இல்லாமல் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு விடை இதில் கிடைத்தது.

சிகிச்சை இரண்டு பங்கு. ஒன்று கிருமியைக் குறைக்கும் அன்ரிபயோட்டிக், வழக்கமாக 7 முதல் 14 நாள். ரிஃபாக்ஸிமின் என்ற குளிசை குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும், இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும், அதனால் பக்கவிளைவு குறைவு. ஆனால் விலை கூட, பெரும்பாலும் வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும். மெட்ரோனிடசோல் மலிவு, எங்கும் கிடைக்கும். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் வரும், மது அறவே கூடாது, நீண்ட நாள் திரும்பத் திரும்ப எடுத்தால் அதுவே நரம்பைப் பாதித்து விறுவிறுப்புக் கொடுக்கும். ஏற்கெனவே கால் விறுவிறுக்கும் ஒருவருக்கு இது முக்கியம். சிப்ரோஃப்ளொக்சசினும் கொடுப்பார்கள், நீரிழிவுக் குளிசை எடுக்கும் வயதானவர்களுக்கு அது சீனி அளவைத் திடீரென இறக்கலாம், தசைநாணையும் பாதிக்கலாம். இவற்றில் எது என்று நாங்களாகத் தெரிவு செய்யவில்லை. ஆனால் பெரியம்மா எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதிக்கொண்டு போனதால் டொக்டருக்குத் தெரிவு செய்வது இலகுவாக இருந்தது.

மற்றது பி12 ஊசி. முதலில் அடிக்கடி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இரத்தச்சோகை என்றதும் இரும்புச்சத்துக் குளிசையும் ஃபோலிக் அமிலமும் தாமாகவே வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் ஏறியதுபோல் தெரியும், நரம்புப் பாதிப்போ உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

இந்த வழியின் குறை என்ன? பை அப்படியே இருக்கிறது, ஆகவே கிருமி திரும்பும். கிருமிப் பெருக்கம் ரிஃபாக்ஸிமினால் குணமானவர்களைத் தொடர்ந்து கவனித்த 2008 ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றில், 9 மாதத்துக்குள் 100 க்கு 44 பேருக்குத் திரும்ப வந்தது. அவர்கள் எல்லோரும் பை உள்ளவர்கள் அல்ல. பை இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல நிலைமையை எதிர்பார்க்க முடியாது. பெரியம்மாவுக்கு முதல் தடவை மருந்து முடிந்து பத்து நாளில் வயிறு இலேசானது. பதினான்காவது வாரம் பொருமல் திரும்பியது. அப்போது அண்ணா, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றார். இது மருந்து தோற்றுப்போனதன் அடையாளம் இல்லை. திரும்பும்போது திரும்பக் கொடுப்பதும், அடிக்கடி திரும்பினால் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதும் இந்தச் சிகிச்சையின் இயல்பு. இதை முதல் நாளே யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த வாரம் வீட்டில் அவ்வளவு சண்டை வந்திருக்காது.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லெண்ணத்தோடுதான் ஆச்சி தினமும் குரக்கன் கூழும் கீரையும் கொடுக்கச் சொன்னார். பெருங்குடலுக்கு அது நல்லதாக இருக்கலாம். கிருமி பெருகிய சிறுகுடலுக்கு அவ்வளவு நார் பொருமலைத்தான் கூட்டியது. காலையில் இரண்டு இடியப்பமும் சொதியும், பதினொரு மணிக்கு ஒரு முட்டை, மத்தியானம் அரைத் தட்டுச் சோறும் மீனும், இப்படிப் பிரித்துக் கொடுத்தபோது வயிறு தாங்கியது. பால் சிலருக்குக் கிருமிப் பெருக்கத்தின்போது ஒத்துக்கொள்ளாது. எருமைத் தயிர் பெரியம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. நெஞ்செரிவுக்கென்று வருடக்கணக்காகத் தொடரும் ஒமிப்பிரசோல் குளிசை இரைப்பை அமிலத்தைக் குறைத்துக் கிருமிக்கு வழி விடும். அது இன்னும் தேவையா என்று கேளுங்கள். எங்களுக்கு நிறுத்தச் சொன்னார்கள். ஆச்சியின் கஷாயத்தைப் பொறுத்தவரை, இஞ்சியும் மல்லியும் ஒரு குவளை குடித்தால் ஆறுதலாக இருக்கும், பைக்கு அது சிகிச்சை ஆகாது.

வெட்டுவது

அண்ணாவின் கட்சிக்கும் நியாயம் உண்டு. ஜெஜுனத்தில் ஒரு சிறு துண்டில் மட்டும் பைகள் இருந்து, இரத்தம் கசிவதோ குடல் அடைப்பதோ திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் துண்டை எடுத்து இரு முனைகளையும் தைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. மருந்து சரியாகக் கொடுத்தும் எடை இறங்கிக்கொண்டே போனாலும் அப்படித்தான். பை ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவினால் தெரிவுக்கே இடமில்லை, உடனே திறக்க வேண்டும். ஓட்டை சிறிதாக, ஓரிடத்தில் அடங்கி, நோயாளி திடமாக இருந்தால் மட்டும் வாய்வழி எதுவும் கொடுக்காமல் ஊசி அன்ரிபயோட்டிக், ஸ்கேன் பார்த்துச் சீழை வடிப்பது என்று சத்திரசிகிச்சை இல்லாமலும் இப்போது சமாளிக்கிறார்கள்.

பிரச்சினை பைகள் நீளத்துக்குப் பரவியிருக்கும்போது வருகிறது. எல்லாவற்றையும் எடுத்தால் சத்தை உறிஞ்சப் போதிய குடல் மிஞ்சாது. கொஞ்சத்தை எடுத்தால் மிச்சப் பைகளில் கிருமி இருக்கும். அதற்கு மேல், பையை உண்டாக்கிய அசைவுக் கோளாறு மீதிக் குடலிலும் இருக்கும், அதை எந்தக் கத்தியாலும் எடுக்க முடியாது. சத்திரசிகிச்சை நிபுணர் பெரியம்மாவின் படத்தைத் திரையில் காட்டி, ஒரு மீற்றருக்கும் மேலான நீளத்தில் பைகள் சிதறியிருப்பதைச் சுட்டியபோது, அதை வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணா முதல்முறையாகப் பேசாமல் இருந்தார். 72 வயது, நீரிழிவு, சத்துக் குறைந்த உடம்பு, இந்த நிலையில் தையல் ஆறாமல் கசியும் ஆபத்தும் சாதாரணமல்ல.

முன்சிறுகுடல் பை என்றால் வெட்டுவதற்கு நான் இன்னும் பயப்படுவேன். பித்தக்குழாயும் கணையமும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தையல் விட்டால் பித்தமும் கணையச் சாறும் வயிற்றுக்குள் ஒழுகும். அங்கே உள்ள பை பித்தக்குழாயை அழுத்தி, கல் எதுவும் இல்லாமலே மஞ்சள் காமாலை வரவைக்கும் நிலையை 1934 இல் லெம்மல் என்பவர் விவரித்தார். அதற்கும்கூட இன்று முதலில் செய்வது ஈ.ஆர்.சி.பி., அதாவது வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தக்குழாயின் வாசலை அகலப்படுத்துவது. இரத்தக் கசிவையும் பல வேளை குழாய் வழியாகவே நிறுத்துகிறார்கள். கத்தி அங்கே கடைசி வழி.

திருகோணமலையில் இருப்பதும் கணக்கில் வரும்

பெரிய நகரத்தில் இருப்பவருக்கு 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது ஒரு விதம், மூதூரிலோ வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவருக்கு வேறு விதம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறிக் கடல் கடந்துதான் கிண்ணியாப் பக்கத்து நோயாளிகள் பட்டணத்துக்கு வந்தார்கள். இப்போது வீதி இருக்கிறது, என்றாலும் மார்கழி மழையில் இரவு நேரத்தில் அது சுலபமான பயணம் இல்லை. கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். ஆகவே மருந்து வழியைத் தெரிவு செய்பவர்கள், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்பதை முதலே பேசி வைக்க வேண்டும்.

விடாத வயிற்று வலி, அதோடு காய்ச்சல். வாந்தி எடுத்து, காற்றும் மலமும் நின்றுபோதல். தார் மாதிரிக் கறுத்த மலம், இரத்தம், தலைச்சுற்று. கண் மஞ்சளாதல். இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இரும்புக் குளிசை எடுத்தாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதி ஒன்றைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஜெஜுனப் பை உள்ள சிலருக்கு, ஓட்டை எதுவும் இல்லாமலே கொஞ்சம் காற்றுக் கசிந்து எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே தெரியும். வழக்கமாக அந்தக் காற்று என்றால் குடல் ஓட்டை என்று அர்த்தம், உடனே வயிற்றைத் திறப்பார்கள். பை இருப்பது தெரிந்தால், வயிறு மிருதுவாக இருக்கும் நோயாளியை ஒருமுறை நின்று யோசித்துப் பார்ப்பார்கள். நடு இரவில், உங்களைத் தெரியாத டொக்டர் ஒருவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

பெரியம்மா மருந்து வழியைத் தெரிவு செய்தார். நாங்கள் தெரிவு செய்தோம் என்று எழுதத்தான் முதலில் வந்தது. உண்மையில் எல்லாம் கேட்ட பிறகு முடிவைச் சொன்னது அவர்தான். நிபுணர் அவரிடம், "அம்மா, உங்களுக்கு ஆகவும் கரைச்சல் தாறது எது?" என்று கேட்டார். "கால் விறுவிறுப்பு. மலையேற ஏலாமல் இருக்கு" என்றார் பெரியம்மா. வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விறுவிறுப்புக்குப் பி12 ஊசிதான் மருந்து, கத்தி அல்ல என்று தெரிந்ததும் விடை அவருக்கு எளிதாகிவிட்டது. அடைப்பு ஒருமுறை வந்தால் மருத்துவமனையில் படுத்துச் சமாளிப்பது, இரண்டாவது முறை வந்தால் அடைத்த துண்டை மட்டும் எடுக்கச் சம்மதம் என்றும் அவரே சொன்னார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, திகதி போட்டு, அண்ணாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சரி, அம்மா சொன்னபடி செய்வோம்" என்று பதில் வந்தது.

எடை இப்போது 3 கிலோ ஏறியிருக்கிறது. இரண்டாவது சுற்று அன்ரிபயோட்டிக் முடிந்துவிட்டது. பாதத்தின் விறுவிறுப்பு முழுதாகப் போகவில்லை. நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட நரம்பு முழுக்கத் திரும்பாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை பாதி வழியில் ஒரு கடை வாங்கில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மீதியையும் ஏறினார். அடுத்த ஊசி தை மாதம்.